கண்டி வீதியால் வந்த போர்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து தரைவழியாகத் தெற்கே போக வேண்டுமென்றால் தென்மராட்சியைக் கடக்காமல் முடியாது. நாவற்குழிப் பாலம் தாண்டினால் கைதடி, நுணாவில், சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம், மிருசுவில், எழுதுமட்டுவாள். அதற்கப்பால் முகமாலை, பளை, இயக்கச்சி, ஆனையிறவு. வரைபடத்தில் ஏ-9 என்று குறித்திருக்கும் இந்தத் தெருவை ஊரார் கண்டி வீதி என்பார்கள். தெற்கே யாழ்ப்பாணக் கடல்நீரேரி, மறுபக்கம் உப்பாறு, நடுவே ஒடுங்கிய தரை. குடாநாட்டின் கழுத்து என்று இந்தத் தரையைச் சொல்லலாம். அந்தக் கழுத்தில் உள்ள சந்தை நகரம் சாவகச்சேரி. பலாப்பழத்துக்கும் மாம்பழத்துக்கும் தேங்காய்க்கும் பேர்போன சந்தை. யாழ்ப்பாண நகரிலிருந்து சுமார் 16 கிலோமீற்றர்.

இலங்கைப் போர் இந்த ஊரில் தொடங்கவுமில்லை, முடியவுமில்லை. ஆனால் இருபத்தைந்து ஆண்டுகளில் இலங்கை இராணுவமும் இந்தியப் படையும் விடுதலைப் புலிகளும் மாறி மாறி இதைப் பிடித்தார்கள், விட்டார்கள், மறுபடி பிடித்தார்கள். ஊரின்மேல் எவருக்கும் தனிக் கோபம் கிடையாது. பாதை இங்கே போகிறது, அவ்வளவுதான். நவீன போர்கள் பற்றிய நூல்கள் பெரும்பாலும் தலைநகரங்களில் இருந்துகொண்டு எழுதப்படுகின்றன. அங்கிருந்து பார்த்தால் கொள்கைகளும் தலைவர்களும் தெரிவார்கள். பாதையோரத்து ஊரிலிருந்து பார்த்தால் வேறு இரண்டு சங்கதிகள் தெரிகின்றன. ஒரு போர் தொடங்கிய காரணமும் அது ஓயாமல் நீடித்த காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது ஒன்று. நீடித்த காரணத்தில் பெரும்பங்கு கடல் கடந்து வந்தது, விளைவிலும் பெரும்பங்கு கடல் கடந்து போனது என்பது மற்றது.

தொடங்கிய காரணத்தை முதலில் பார்ப்போம். 1956 இன் சிங்களம் மட்டும் சட்டம், 1957 இல் எழுதி மறு ஆண்டே கைவிட்ட பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம், 1958 கலவரம், பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல், 1972 அரசியலமைப்பு, 1981 இல் நூலக எரிப்பு, 1983 ஜூலை: இந்த வரிசை தமிழ் வாசகருக்கு மனப்பாடம். அதைத் திரும்ப ஒப்புவிப்பதில் பயனில்லை. சாவகச்சேரித் தொகுதியின் கதையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1956 முதல் 1983 வரை, இருபத்தேழு ஆண்டுகள், இத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் வி. என். நவரத்தினம். முதலில் தமிழரசுக் கட்சி, பிறகு தமிழர் விடுதலைக் கூட்டணி. தேர்தலுக்குத் தேர்தல் சனம் வரிசையில் நின்று அதே மனிதருக்கு வாக்குப் போட்டது. தனிநாட்டுக் கோரிக்கையைக்கூட 1977 இல் வாக்குச் சீட்டில்தான் எழுதிக் கொடுத்தது. 1983 ஓகஸ்டில் ஆறாவது திருத்தம் வந்தது. பிரிவினையைக் கைவிடுவதாகச் சத்தியம் செய்யாதவர் சபையில் இருக்க முடியாது என்றது. கூட்டணி உறுப்பினர்கள் சத்தியம் செய்ய மறுத்துச் சபைக்குப் போகாமல் விட்டார்கள், ஆசனங்கள் பறிபோயின. 1989 வரை இந்தத் தொகுதிக்காகப் பேச நாடாளுமன்றத்தில் ஒருவரும் இருக்கவில்லை.

1984 நவம்பர் 20 அன்று ரெலோ என்ற ஆயுத இயக்கம் சாவகச்சேரிப் பொலிஸ் நிலையத்தைத் தாக்கித் தரைமட்டமாக்கியது. இருபதுக்கு மேற்பட்ட பொலிஸார் செத்தார்கள். அதுவரை நடந்த தாக்குதல்களில் இது பெரியவற்றுள் ஒன்று. ஆசனம் பறிபோனதிலிருந்து இந்தத் தாக்குதலுக்கு ஒரு நேர்கோடு இழுத்துவிட முடியாது. இயக்கங்கள் எழுபதுகளிலேயே முளைத்துவிட்டன. 1983 க்குப் பிறகு இந்தியா அவற்றுக்குப் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது. ஆனாலும் இரண்டுக்கும் நடுவே ஓராண்டும் சில கிழமைகளும்தான் என்பதைக் காணாதது போலக் கடந்துபோகவும் முடியாது. குறையைச் சொல்லச் சட்டபூர்வமாக ஒரு வாசல் இருந்தவரை அந்த வாசலில்தான் சனம் நின்றது. அதைப் பூட்டியது அரசு.

உள்நாட்டுப் போர்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள் போல் கோலியரும் அன்கே ஹொஃப்ளரும் 2004 இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. மனக்குறை எல்லா நாட்டிலும் உண்டு. கிளர்ச்சியை நடத்தப் பணவசதி இருக்கும் இடத்தில்தான் போர் மூளுகிறது என்பது அவர்களின் வாதம். வைரம், எண்ணெய் போன்ற மூலப்பொருள் ஏற்றுமதியை அதற்கான அளவுகோலாகக் கொண்டார்கள். இந்த அளவுகோலைக் கொண்டுவந்து தென்மராட்சியில் வைத்துப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். இங்கே விளைவது தேங்காயும் புகையிலையும் வெங்காயமும். சியாரா லியோனுக்கும் அங்கோலாவுக்கும் பொருந்துகிற விளக்கம் இது. தொடங்கிய காரணம் என்ற வகையில் இலங்கைக்குப் பொருந்தாது. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. வெளிநாடுகளில் பெரிய புலம்பெயர் சமூகம் இருந்தால் ஓய்ந்த போர் மறுபடி மூளும் அபாயம் கூடும் என்கிறது அது. நீடித்த காரணத்தைத் தேடும்போது இதை அவ்வளவு இலகுவாகத் தள்ளிவிட முடியவில்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் சேர்ந்த காசு கப்பலாகவும் ஷெல்லாகவும் மாறியது ஊரறிந்த கதை. அந்தச் சமூகத்தை அங்கே துரத்தியதும் இதே போர்தான் என்பதால், எது முதல் எது முடிவு என்று பிரிப்பது கடினம்.

தொடங்கியபோது இருந்த காரணம் சில ஆண்டுகளிலேயே உருமாறிவிட்டது. சாவகச்சேரிப் பொலிஸ் நிலையத்தை அடித்த ரெலோவை 1986 ஏப்ரல், மே மாதங்களில் புலிகள் அழித்தார்கள். அதன் தலைவர் ஸ்ரீ சபாரத்தினம் மே 6 அன்று கொல்லப்பட்டார். தெருக்களில் தமிழ்ப் பிள்ளைகளைத் தமிழ்ப் பிள்ளைகளே சுட்டுப் போட்டார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து வடக்கிலிருந்து முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அதுவும் முதலில் நடந்த இடம் சாவகச்சேரி. 1990 ஒக்டோபர் 15. யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணித்தியாலம் தவணை கொடுக்கப்பட்டது. வட மாகாணம் முழுவதிலுமாக எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணை விட்டுப் புத்தளம் பக்கம் போனார்கள். சிறுபான்மை ஒன்றின் உரிமைக்காகத் தொடங்கிய போராட்டம் தன் கைக்குள் இருந்த சிறுபான்மையை என்ன செய்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மேரி கால்டோர் 1999 இல் எழுதிய ‘புதிய போர்களும் பழைய போர்களும்’ என்ற நூல், இக்காலப் போர்கள் நிலத்தைப் பிடிப்பதைவிட அடையாளத்தின் பேரால் சனத்தை அப்புறப்படுத்துவதிலேயே குறியாக இருக்கின்றன என்கிறது. அவர் பெரிதும் பொஸ்னியாவை மனதில் வைத்து எழுதியவர். அவர் சொன்னது பொஸ்னியாவுக்கு முன்பே சாவகச்சேரியில் நடந்துவிட்டது. ஆனால் அவருடைய விளக்கமும் அரைவாசி தூரந்தான் கூட வருகிறது. சாவகச்சேரிக்குக் கிழக்கே கிளாலி முதல் நாகர்கோவில் வரை பின்னாளில் வெட்டப்பட்ட காவலரண் வரிசை, முதலாம் உலகப்போர்க் காலத்துப் பதுங்குகுழிப் போரை அப்படியே ஒத்தது. புதிய போரும் பழைய போரும் ஒரே தெருவில் நடந்தன.

இனி, வெளியிலிருந்து வந்தவை. எண்பதுகளின் நடுவில் இத்தாலியத் தயாரிப்பான சியாமாசெட்டி விமானம் வந்து குண்டு போட்டது. 1991 இல் சீனாவின் எஃப்-7, சனத்தின் வாயில் ‘சுப்பர்சொனிக்’. 1993 இல் ஆர்ஜென்டீனாவின் புக்காரா. 1996 இல் இஸ்ரேலின் கிபிர். 2000 இல் உக்ரைனிலிருந்து மிக்-27. சத்தத்தை வைத்தே எது வருகிறது, எத்தனை நிமிடத்துக்குள் பங்கருக்குள் இறங்க வேண்டும் என்று பத்து வயதுப் பிள்ளை சொல்லும். விற்ற நாடுகளில் ஒன்றுக்காவது இலங்கைத் தமிழரோடு பகை இருந்ததா? இல்லை. மறுபக்கத்திலும் இதே கணக்குத்தான். 1994 இல் உக்ரைனின் ருபெஷ்னோ இரசாயனத் தொழிற்சாலையிலிருந்து சுமார் 60 தொன் வெடிமருந்தைப் புலிகளின் கப்பல் ஏற்றி வந்தது. வாங்குபவர் பங்களாதேஷ் பாதுகாப்பு அமைச்சு என்று கள்ளப் பத்திரம் காட்டியிருந்தார்கள். 1997 இல் நடந்ததோ இன்னும் விசித்திரம். இலங்கை இராணுவம் ஸிம்பாப்வேயில் சொல்லி வைத்த 81 மில்லிமீற்றர் மோட்டார் எறிகணைகள் 32,400, மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகத்தில் புலிகளின் கப்பலில் ஏறிக் காணாமற்போயின. தன்மேல் விழப்போகும் ஷெல்லுக்கு இராணுவமே ஓடர் கொடுத்தது போலாயிற்று. உலகெங்கும் ஆயுத வியாபாரம் எவ்வளவு தளர்வாக நடந்தது என்பதற்கு இந்த இரண்டு கப்பல்களும் போதும்.

ஆயுதம் மட்டுமல்ல, படையும் வெளியிலிருந்து வந்தது. 1987 ஜூலை 29 இல் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானது. அமைதி காக்க வந்த இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் ஒக்டோபர் 10 இல் சண்டை மூண்டது. ஒக்டோபர் 27 அன்று இந்திய ஹெலிகொப்டர்கள் சாவகச்சேரிச் சந்தையில் தாக்குதல் நடத்தின. பொதுமக்கள் பலர் அந்த இடத்திலேயே செத்தார்கள். அமைதிப்படை என்று பேரிட்டு அனுப்பப்படும் படை, காக்க வேண்டிய அமைதி எதுவும் இல்லாத இடத்தில் தானே ஒரு தரப்பாகிவிடும் என்ற பாடத்தை 1993 இல் சோமாலியாவின் மொகடிஷுவில் அமெரிக்கா படித்தது. ஆறு வருடம் முந்தி இந்தியா அதை இங்கே படித்திருந்தது.

1990 ஜூனில் அரசுக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி தொடங்கியதும் குடாநாட்டுக்கு அரசின் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, யூரியா, இரும்பு எதுவும் வராது. யூரியா வெடிமருந்தாகும், சீமெந்து பங்கராகும், பற்றரி கண்ணிவெடிக்குப் போகும் என்பது தர்க்கம். தர்க்கத்தில் பிழை சொல்ல முடியாது. ஆனால் தோட்டக்காரனுக்கும் அதே யூரியாதான் வேண்டும். அந்த ஐந்து வருடங்களும் மண்ணெண்ணெய்க் காலம். ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் ஊறும் அளவுக்கு எண்ணெய், மூடியில் துளை போட்டு ஒரு திரி: பிள்ளைகள் சோதனைக்குப் படித்தது அந்த வெளிச்சத்தில். மோட்டார் சைக்கிளின் கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உதைத்து ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். பின்னால் வருகிறவருக்குக் கண் எரியும். செய்தி கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவில் கொழுவுவார்கள். சுற்றுகிறவருக்குக் கை உளைந்தால் பிபிசி தமிழோசையின் குரலும் மங்கிவிடும். தங்கள் ஊரில் நேற்று என்ன நடந்தது என்பதை லண்டனிலிருந்து கேட்டுத் தெரிந்துகொண்ட காலம் அது.

அதே 1990 ஓகஸ்டில்தான் ஈராக்மீது ஐ.நா. தடை போட்டது. 2007 க்குப் பின் காஸாவில் சீமெந்துக்குச் சொல்லப்பட்ட காரணமும் யாழ்ப்பாணத்தில் சொல்லப்பட்ட அதே காரணந்தான். மூன்று இடத்திலும் ஆயுததாரிகள் வேண்டியதை வேறு வழியால் எடுத்துக்கொண்டார்கள். தட்டுப்பாட்டை வைத்து ஒரு கூட்டம் காசு பார்த்தது. ஆனையிறவுப் பாதையும் சங்குப்பிட்டிப் பாதையும் மூடியிருந்ததால் சனம் கிளாலியில் இரவில் வள்ளமேறிக் கடல்நீரேரியைக் கடந்தது. அங்கே கடற்படையின் சூட்டில் செத்தவர்கள் பலர். உள்ளே இருந்தவர்களைப் பிடித்து வைத்ததும் ஒரு பாஸ்தான். இயக்கத்தின் அனுமதி இல்லாமல் வெளியேற முடியாது, குடும்பத்துக்கு இரண்டு பவுண் என்று தங்கமும் கொடுக்க வேண்டியிருந்தது. பாதையை மூடியவரும் பாதைக்கு வரி போட்டவரும் எதிரெதிர்ப் பக்கத்தில் நின்றார்கள். நடுவில் அகப்பட்ட சனத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிறகு 1995. ஜனவரியில் தொடங்கிய போர்நிறுத்தம் ஏப்ரல் 19 இல் முறிந்தது. ஒக்டோபர் 17 இல் இராணுவம் ‘ரிவிரெச’ நடவடிக்கையைத் தொடங்கி, யாழ்ப்பாண நகரம் இருக்கும் வலிகாமத்துக்குள் இறங்கியது. ஒக்டோபர் 30 மாலை, எல்லாரும் உடனே தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் போகும்படி புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் துரத்தப்பட்டு அன்றோடு சரியாக ஐந்து ஆண்டுகள். வெளியேறியவர்கள் மூன்று இலட்சத்துக்குக் குறையாது; ஐந்து இலட்சம் வரை சொல்பவர்களும் உண்டு. தென்மராட்சிக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோருக்கு வழி நாவற்குழிப் பாலந்தான். மழை வேறு. சைக்கிள் கரியரில் சாக்கு மூட்டை, அதன்மேல் பிள்ளை, ஹான்டிலில் குடம். கதிரையில் இருத்தித் தூக்கிவரப்பட்ட வயோதிபர்கள். அசையாத வரிசைக்குள் நின்ற மாட்டு வண்டிகள். ஒரு மணித்தியாலச் சைக்கிள் தூரம் ஒரு இரவும் ஒரு பகலும் எடுத்தது. மழைநீரைக் குடையை விரித்துப் பிடித்து ஏந்திக் குடித்தவர்கள் உண்டு.

மறுநாளிலிருந்து சாவகச்சேரி தாங்கக்கூடியதைப் போலப் பலமடங்கு சனத்தைத் தாங்கியது. கோயில் மடம், பள்ளிக்கூடம், மாட்டுக்கொட்டில், மாமரத்தடி என்று தலை சாய்க்க இடமிருந்த எல்லாம் வீடாயிற்று. பழக்கமில்லாதவர்களுக்குக் கிணற்றைத் திறந்துவிட்ட வீடுகளும் இருந்தன. அறைக்குப் பவுண் கணக்கில் வாடகை கேட்ட வீடுகளும் இருந்தன. இரண்டையும் எழுதிவைக்காவிட்டால் வரலாறு வெறும் ஒப்பாரியாகிவிடும். இடம்பெயர்ந்தவர்கள் போருக்கு அஞ்சி வெளியேறினார்களா, கட்டாயப்படுத்தி வெளியேற்றப்பட்டார்களா என்ற சண்டை இன்றும் தீரவில்லை. பின்னால் ஷெல், முன்னால் அறிவித்தல். அந்த இரவில் இரண்டையும் பிரித்துப் பார்க்க எவருக்கும் நேரமிருக்கவில்லை. 1996 ஏப்ரல் 19 இல் இராணுவம் தென்மராட்சிக்குள் வந்தபோது பெரும்பகுதிச் சனம் திரும்பி வலிகாமத்துக்கு நடந்தது. மீதி கிளாலியால் வன்னிக்குப் போனது. அந்த மீதியில் பலருக்கு அது பதின்மூன்று ஆண்டு நடையின் தொடக்கம், முள்ளிவாய்க்கால்வரை.

சர்வதேசச் சட்டத்தின் கண்ணில் இந்த இலட்சக்கணக்கானவர்கள் அகதிகள் கிடையாது. 1951 இன் அகதிகள் உடன்படிக்கை நாட்டின் எல்லையைக் கடந்தவருக்கு மட்டும் பொருந்தும். நாவற்குழிப் பாலம் எல்லையல்ல. உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்கென ஐ.நா. பிரதிநிதியாக இருந்த சூடான் நாட்டவர் பிரான்சிஸ் டெங் 1993 இல் இலங்கைக்கு வந்து பார்த்துப் போனவர். அவர் முன்னின்று வகுத்த வழிகாட்டும் கோட்பாடுகள் 1998 இல்தான் ஐ.நா.வுக்கு வந்தன, இன்றும் அவை கட்டுப்படுத்தும் சட்டமல்ல, வழிகாட்டல்தான். 2024 முடிவில் உலகில் இடம்பெயர்ந்து வாழ்ந்தோர் சுமார் 12 கோடியே 30 இலட்சம் பேர் என்கிறது ஐ.நா. அகதிகள் முகவரகம். அவர்களில் 7 கோடிக்கு மேற்பட்டோர் எல்லையைக் கடக்காதவர்கள். சூடானிலும் கொங்கோவிலும் காஸாவிலும் நாவற்குழிப் பாலங்கள் ஏராளம்.

எல்லையைக் கடந்தவர்களின் கதை வேறுமாதிரிப் போயிற்று. 1986 ஓகஸ்டில் கனடாவின் நியூபவுண்லாந்துக் கரையோரம் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை அவ்வூர் மீனவர்கள் கரைசேர்த்தார்கள். 2010 ஓகஸ்டில் எம்.வி. சன் சீ கப்பல் 492 பேரோடு வான்கூவர் பக்கம் போய்ச் சேர்ந்தபோது அவர்களை மாதக்கணக்கில் தடுப்பில் வைத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் கூட்டமாக வருகிறவர்களைத் தடுத்துவைக்கக் கனடா சட்டத்தையே மாற்றியது. கால் நூற்றாண்டுக்குள் ஒரு நாட்டின் மனம் இப்படித் திரும்பியதற்கு அல்கைதாவின் 2001 தாக்குதலுக்குப் பிந்திய அச்சமும் சேர்ந்த காரணம். இந்தப் பக்கம், மீசாலையிலும் மட்டுவிலிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகளையும், ரொறன்ரோ அழைப்புக்காகக் கைத்தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கும் பெற்றோரையும் காணலாம்.

2000 ஏப்ரல் 22 இல் ஆனையிறவுத் தளம் புலிகளிடம் வீழ்ந்தது. மே மாதம் அவர்கள் தென்மராட்சிக்குள் வந்தார்கள், சாவகச்சேரி அவர்கள் கைக்குப் போயிற்று. சனம் மறுபடி மூட்டையைக் கட்டியது. கொழும்பு நாட்டையே போர்க்கால நிலைக்குக் கொண்டுவந்தது. முறிந்திருந்த இஸ்ரேல் உறவை அதே மாதம் புதுப்பித்தது. பாகிஸ்தானிடமிருந்து மல்ரிபரல் எனப்படும் பல்குழல் எறிகணைச் செலுத்திகளை அவசரமாக இறக்கியது. செப்டெம்பரில் இராணுவம் நகரைத் திரும்பப் பிடித்தபோது பிடிப்பதற்கு நகரம் என்று பெரிதாக ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. கடைத்தெரு கல்லும் கம்பியுமாகக் கிடந்தது. ஷெல் பட்ட தென்னைகள் வட்டில்லாமல் வெறும் மரமாக நின்றன. மே முதல் செப்டெம்பர் வரையிலான அந்த நான்கு மாதத்தைப் போல வேறெந்தக் காலமும் இந்த ஊரை அழிக்கவில்லை. நாவற்குழிக்கும் முகமாலைக்கும் இடையே இரு பக்கத்துப் பீரங்கிகளும் மல்ரிபரல்களும் அடித்துக்கொண்டதற்கு நடுவில் அது அகப்பட்டதுதான் காரணம்.

அவ்வாண்டு டிசம்பர் 19 அன்று, விட்டுப்போன வீடுவளவைப் பார்க்க மிருசுவிலுக்கு வந்த எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். ஐந்து வயதுப் பிள்ளையும் அதில் ஒன்று. தப்பி ஓடிய ஒருவர் சொல்லித்தான் விசயம் வெளியே வந்தது. 2015 இல் கொழும்பு மேல் நீதிமன்றம் இராணுவ ஸ்ராவ் சார்ஜன்ட் ஒருவருக்கு மரண தண்டனை விதித்தது. 2019 இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச் 26 இல், கொரோனா ஊரடங்குக்குள், சனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். தண்டனை வரை போன வழக்குகள் மிகச் சில; அவற்றில் ஒன்றுக்கு நேர்ந்தது இது. வெளிநாட்டு நீதிபதிகளைத் தமிழர் ஏன் கேட்கிறார்கள் என்று சிங்கள நண்பர்கள் கேட்கும்போது நான் மிருசுவில் வழக்கின் தேதிகளைத்தான் சொல்வது. தண்டனை வரை போன இன்னொரு வழக்கு நாவற்குழிப் பாலத்துக்கு மறுபக்கம், செம்மணியில் நடந்தது பற்றியது. 1996 இல் கைதடியைச் சேர்ந்த மாணவி ஒருவர் சோதனை எழுதிவிட்டு வரும்போது செம்மணிச் சென்றியில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரைத் தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டார்கள். அவ்வழக்கில் தண்டனை பெற்ற படையினரில் ஒருவர் 1998 இல் நீதிமன்றத்திலேயே, அங்கே நூற்றுக்கணக்கானவர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்றார். 1999 இல் தோண்டியதில் 15 உடல்கள் கிடைத்தன. 2025 இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டியபோது 200 க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன.

போர் 2009 மே மாதம் முடிந்தது. அதன்பின் உலகத்துப் போர்கள் இங்கே வேறு உருவில் வருகின்றன. 2022 பெப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தபோது இலங்கையின் கஜானா ஏற்கெனவே காய்ந்துவிட்டது. வரிக்குறைப்பு, கொரோனா, 2021 இன் இரசாயன உரத்தடை, தலைக்குமேல் கடன் எல்லாம் சேர்ந்த விளைவு அது. நீண்ட போரின் செலவும், போர் முடிந்தும் குறையாத பாதுகாப்புச் செலவும் அந்தக் கடனுக்குள் உண்டு. எண்ணெய் விலை ஏறியது கடைசித் தள்ளு. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாயிற்று. கச்சாயிலும் கிளாலியிலும் இயந்திரப் படகுக்காரர் கரையில் நின்றார்கள். தடைக்காலத்தில் போல மண்ணெண்ணெய்க்கு வரிசை. இந்தத் தடவை காரணத்தில் ஒரு பங்கு உக்ரைனின் டொன்பாஸில். உக்ரைன் வெடிமருந்தும் மிக்-27 உம் அனுப்பிய காலம் ஒன்று. அதன் போர் எங்கள் அடுப்பை அணைத்த காலம் இன்னொன்று. 2024 இல், ஐரோப்பாவுக்கென்று முகவர்களிடம் காசு கட்டிப் புறப்பட்ட வடபகுதி இளைஞர்கள் சிலர் ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்டு அந்தக் களத்தில் நிற்பதாகக் குடும்பங்கள் முறையிட்டன. இலங்கை இராணுவத்தில் இருந்து விலகிய சிங்களச் சிப்பாய்களும் அங்கே நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். முகமாலையில் எதிரெதிரே நின்ற ஊர்களின் பிள்ளைகள் அங்கே ஒரே பதுங்குகுழிக்குள் நின்றிருக்கவும் கூடும்.

முகமாலைக்கு வருவோம். 2000 முதல் 2008 கடைசிவரை முன்னரங்கு அங்கேதான். இரு தரப்பும் அந்த ஒடுங்கிய தரையில் மிதிவெடிகளை நாற்று நட்டதுபோல் நெருக்கமாகப் புதைத்தன. இராணுவம் வைத்தவற்றில் பாகிஸ்தான் தயாரிப்பான பி-4 அதிகம். உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்ரிக் வெடி அது. புலிகள் அதையே பார்த்துச் செய்து ‘ரங்கன்’ என்று பேரிட்டுத் தாங்களும் புதைத்தார்கள். உலகிலேயே மிதிவெடி செறிந்த இடங்களில் முகமாலையும் ஒன்றாயிற்று. மிதிவெடி அகற்றும் ஹலோ டிரஸ்ட் 2002 முதல் இலங்கையில் வேலை செய்கிறது. பி-4 இல் உலோகம் மிகச் சிறிது. மண் முழுக்க ஷெல் துண்டும் சன்னமும் கிடப்பதால் கண்டுபிடிகருவி ஓயாமல் கத்தும். எது வெடி எது தகரம் என்று தெரியாது. ஆகவே பல இடங்களில் மண்வாரியால் மேல்மண்ணை அங்குலம் அங்குலமாக வாரித்தான் பார்க்கிறார்கள். முகக்கவசமும் கனத்த மார்புக்கவசமும் போட்டு, ஒரு மீற்றர் அகல ஒழுங்கைக்குள் முழந்தாளில் நின்று வெயிலில் இதைச் செய்கிறவர்களில் கணிசமானோர் சுற்றுவட்டாரப் பெண்கள். புருசனைப் போரில் இழந்தவர்கள் பலர். நாள் முழுக்க வாரினாலும் சில சதுர மீற்றர்தான் நகரும்.

மிதிவெடிகளைத் தடைசெய்யும் 1997 இன் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. கணக்குப்படி 2028 ஜூன் 1 க்குள் நிலம் முழுவதும் துப்புரவாக வேண்டும். செலவைப் பெரும்பாலும் கொடுப்பது அமெரிக்கா, ஜப்பான், நோர்வே, பிரித்தானியா போன்ற நாடுகள். அமெரிக்கா அந்த உடன்படிக்கையில் இல்லை; ஆனாலும் உலகில் மிதிவெடி அகற்ற அதிகம் கொடுத்த நாடு அதுதான். 2024 நவம்பரில் அதே அமெரிக்கா உக்ரைனுக்கு மிதிவெடி கொடுக்க இணங்கியது. 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவிகளை 90 நாள் நிறுத்தியபோது உலகெங்கும் மிதிவெடி அகற்றும் வேலைகளும் தடைப்பட்டன. அதே ஆண்டு எஸ்தோனியா, லத்வியா, லிதுவேனியா, பின்லாந்து, போலந்து ஐந்தும் உடன்படிக்கையிலிருந்து விலக முடிவெடுத்தன. உக்ரைனும் அதே வழியை எடுத்தது. ரஷ்யா பக்கத்தில் இருக்கும்போது அவர்களுக்கு வேறு வழியில்லை என்று வாதிடுகிறவர்களைக் குறைசொல்ல மாட்டேன். முகமாலையில் புதைத்த இரண்டு தரப்பும் இதே வாதத்தைத்தான் வைத்திருந்தன. புதைக்க முன்னம், உடன்படிக்கையை விட்டு விலகும் நாடுகளின் பாதுகாப்பு அமைச்சர்கள் ஒருமுறை பளைக்கு வந்து, இருபது ஆண்டு மழை குடித்தும் கெடாமல் கிடக்கும் பிளாஸ்ரிக் வெடியைப் பார்த்துப் போகலாம். ஒரு மிதிவெடியைச் செய்ய 3 முதல் 30 டொலர், அதை எடுக்க 300 முதல் 1,000 டொலர் என்பது ஐ.நா.வின் பழைய கணக்கு. பளைத் தோட்டங்களில் இத்தனை ஆண்டும் பறிக்க முடியாமற்போன தேங்காய் அந்தக் கணக்கில் இல்லை.